இரண்டரை ஏக்கர் தோட்டத்துக்கு ஏறி ஓட்டும் புல்வெட்டி: முதலில் அளக்க வேண்டியது நிலத்தை

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் சொல்லிக்கொள்கிறேன். காட்பாடிக்கு மேற்கே உங்களுக்கு இரண்டரை ஏக்கர் தோட்டம் இருக்கிறது. வீட்டைச் சுற்றிப் புல்வெளி, பின்பக்கம் மாந்தோப்பு, கிணற்றை ஒட்டி ஒரு சரிவு. 21 அங்குலத் தள்ளு இயந்திரத்தை வைத்துக்கொண்டு இரண்டு ஆட்கள் ஒரு நாள் முழுக்கப் புல் வெட்டுகிறார்கள். ஏறி உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி வாங்க முடிவு செய்துவிட்டீர்கள். வெட்டும் அகலம் 42 அங்குலமா, 54 அங்குலமா, விற்பனையாளர் வற்புறுத்தும், நின்ற இடத்திலேயே திரும்பும் ஜீரோ டர்ன் வகையா என்பது கேள்வி. ஆனால் கடைசி வரியில் "சரளை நிலம், அங்கங்கே பாறை தலை காட்டும், இதையெல்லாம் இயந்திரம் தாங்குமா" என்று எழுதியிருக்கிறீர்கள். என்னைப் பொறுத்தவரை உண்மையான கேள்வி அந்தக் கடைசி வரிதான். அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் அங்குலக் கணக்கு தானாகவே தெளிந்துவிடும்.

வேளாண் பொறியியலில் பட்டயம் பெற்ற பிறகு 24 ஆண்டுகளாக வேலூர், ஆற்காடு, வாலாஜா, குடியாத்தம் வட்டாரங்களில் பண்ணைக் கருவிகளையும் புல்வெட்டும் இயந்திரங்களையும் பழுது பார்த்து வருகிறேன். எந்த நிறுவனத்துக்கும் நான் முகவர் அல்லன். உங்கள் நிலத்தை நேரில் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். ஆகவே கீழே வருவனவற்றுள் எது அளந்து நிறுவத்தக்கது, எது என் அனுபவத்தில் எழுந்த தீர்ப்பு என்பதை ஆங்காங்கே பிரித்துக் காட்டுகிறேன்.

இரண்டரை ஏக்கர் என்பது 250 சென்ட். நீங்கள் கொடுத்த விவரப்படி வீடு, பாதை, மாட்டுக்கொட்டகை எல்லாம் சேர்ந்து 30 சென்ட், மாந்தோப்பு 80 சென்ட், மீதி 140 சென்ட் புல்வெளி. புல்வெட்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டியது இந்த 140 சென்ட்டுக்குத்தான், இரண்டரை ஏக்கருக்கு அன்று. மாந்தோப்பில் வளர்வது புல்வெளிப் புல் அல்லவே. அங்கே கோரையும் பார்த்தீனியமும் முழங்கால் உயரத்துக்கு நிற்கும். அதை வெட்டுவது வேறு கருவியின் வேலை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வேலை வேகத்தைக் கணக்கிடும் முறை எளியது. மணிக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்பதை வெட்டும் அகலத்தால், மீட்டரில், பெருக்கிப் பத்தால் வகுத்தால் ஒரு மணி நேரத்தில் எத்தனை ஹெக்டேர் என்று வரும். திரும்புவதற்கும், ஒரு வரிசையின் மேல் அடுத்த வரிசை சற்றே ஏறுவதற்கும் கால் பங்கைக் கழித்துவிட வேண்டும். 42 அங்குலம் என்றால் 1.07 மீட்டர். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் கழிவு போக ஏறத்தாழ ஒரு மணிக்கு ஒரு ஏக்கர் முடியும். 54 அங்குலத்துக்கு அதே வேகத்தில் ஒன்றேகால் ஏக்கருக்குச் சற்று மேல். உங்கள் 140 சென்ட்டுக்கு முன்னது ஏறத்தாழ ஒரு மணி இருபத்தைந்து நிமிடம் எடுக்கும், பின்னது ஒரு மணி ஐந்து நிமிடம். அதாவது பெரிய இயந்திரத்துக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் உங்களுக்கு வாங்கித் தருவது இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத்தையும் அது முழுதாகத் தராது. ஏனென்றால் அகலமான டெக், அதாவது பிளேடுகளை மூடியிருக்கும் இரும்புக் கூடு, மேடு பள்ளத்தில் ஒரு ஓரம் மண்ணைச் சுரண்டவும் மறு ஓரம் புல்லின் தலையை மட்டும் தடவவும் செய்யும். செடிகளுக்கும் பாதைக்கும் இடையே நுழையாமல் நின்றுவிடும் இடங்களும் இருக்கும். அந்த இடங்களுக்கெல்லாம் மறுபடி ஆளைத்தான் அனுப்ப வேண்டியிருக்கும்.

ஆண்டுக்கு எத்தனை மணி ஓடும் என்பதையும் இதே கணக்கில் பார்த்துவிடலாம். நம் பகுதிக்குத் தென்மேற்குப் பருவத்திலும் மழை உண்டு, வடகிழக்குப் பருவத்திலும் உண்டு. ஆகவே ஜூலை தொடங்கி டிசம்பர் வரை புல் வேகமாக வளரும், வாரம் ஒரு முறை வெட்ட வேண்டும். ஜனவரிக்குப் பிறகு நீர் பாய்ச்சும் இடத்தில் மட்டும் வளரும், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போதும். மொத்தம் ஏறத்தாழ நாற்பது தடவை, தடவைக்கு ஒன்றரை மணி என்றால் ஆண்டுக்கு அறுபது மணி. வீட்டுப் பயன்பாட்டுக்கென்று செய்யப்படும் நல்ல இயந்திரமே இந்த அளவு ஓட்டத்தைப் பல ஆண்டுகள் தாங்கும். நாள்தோறும் ஓடும் கல்லூரி வளாகத்துக்கும் விளையாட்டு மைதானத்துக்கும் உரிய, இரண்டு மூன்று மடங்கு விலையுள்ள தொழில்முறை இயந்திரம் உங்களுக்குத் தேவையில்லை. இது கணக்கிலிருந்து வரும் முடிவு. இதில் எனக்கு ஐயம் இல்லை.

இனி சரிவு. பெரும்பாலான ஏறி ஓட்டும் புல்வெட்டிகளின் கையேடுகள் 15 பாகைக்கு மேற்பட்ட சரிவில் ஓட்டக் கூடாது என்கின்றன. கண்ணால் பார்த்து இதை மதிப்பிட வேண்டாம். சரிவு விஷயத்தில் கண்ணை நம்ப முடியாது. பத்தடி நீளமுள்ள நேரான பலகை ஒன்றும் கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டமும் போதும். பலகையின் ஒரு முனையைச் சரிவின் மேல்பக்கத் தரையில் ஊன்றி, மறுமுனையைத் தூக்கிக் குமிழி நடுவில் வரும்வரை நிறுத்துங்கள். தூக்கிய முனைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி ஓரடி ஒன்பது அங்குலம் என்றால் சரிவு 10 பாகை. இரண்டடி எட்டு அங்குலம் என்றால் 15 பாகை. கிணற்றுப் பக்கம் மூன்று நான்கு இடங்களில் அளந்து பாருங்கள். பத்து பாகைக்குள் இருந்தால் கவலையில்லை. பத்துக்கும் பதினைந்துக்கும் இடைப்பட்டதானால் சரிவுக்குக் குறுக்கே ஓட்டாமல் மேலும் கீழுமாக மட்டுமே ஓட்ட வேண்டும், ஈரத்தில் ஓட்டவே கூடாது. அதற்கு மேல் என்றால் அந்தத் துண்டை இயந்திரத்தின் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். அதோடு கிணற்றின் ஓரத்திலிருந்து குறைந்தது பத்தடிக்குள் ஏறி ஓட்டும் எந்த இயந்திரமும் போகக் கூடாது. இந்தப் பத்தடி எந்தக் கையேட்டிலும் இருப்பது அன்று, நான் வாடிக்கையாளர்களிடம் சொல்வது. கைப்பிடிச் சுவர் இல்லாத பழைய கிணறுகளின் ஓர மண் மழைக்காலத்தில் எப்படிச் சரியும் என்பதைப் பார்த்தவன் என்பதால் இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஜீரோ டர்ன் வகையைப் பற்றிய என் தயக்கமும் இந்தச் சரிவிலிருந்தே வருகிறது. அந்த வகையில் பின் சக்கரங்கள் இரண்டும் தனித்தனியே இயங்கி வண்டியைத் திருப்புகின்றன. முன் சக்கரங்கள் நாற்காலிச் சக்கரம் போலத் தம் போக்கில் சுழல்பவை. சமதரையில் இது அருமையான ஏற்பாடு, நின்ற இடத்திலேயே திரும்பும். சரிவில் பின் சக்கரம் ஒன்று பிடி விட்டு வழுக்கினால் திருப்பும் ஆற்றலும் நிறுத்தும் ஆற்றலும் ஒரே நேரத்தில் போய்விடும், வண்டி தாழ்ந்த பக்கம் நோக்கித் தானே இறங்கும். சரளைக் கற்கள் உருளும் நம் செம்மண் நிலத்தில் பிடி விடுவது அரிதான நிகழ்ச்சி அன்று. வாலாஜாப் பக்கம் பாலாற்றங்கரையில் மணல் கலந்த சமதரையுள்ள ஒரு தோட்டத்துக்கு அதே ஜீரோ டர்ன் இயந்திரத்தை நானே பரிந்துரைத்திருக்கிறேன். அங்கே அது நன்றாக ஓடுகிறது. உங்களுக்கு வேண்டாம். முன்பக்கம் எஞ்சின், நடுவில் டெக், வழக்கமான ஸ்டியரிங் உள்ள லான் டிராக்டர் வகையே பொருத்தம்.

இப்போது கல். புல்வெட்டியின் வரலாற்றை ஒரு கணம் நினைவுபடுத்திக்கொள்வது இங்கே உதவும். 1830-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் என்ற ஊரில் எட்வின் பட்டிங் என்பவர், துணி ஆலையில் துணியின் மேல் நிற்கும் பிசிறை வெட்டும் உருளையைப் பார்த்து அதையே புல்லுக்குப் பொருத்தினார். மழை ஈரம் மாறாத, மென்மையான, கல் இல்லாத புல்தரைக்காகப் பிறந்த கருவி அது. இன்றைய ஏறி ஓட்டும் இயந்திரங்களில் பெரும்பாலானவற்றில் உருளைக்குப் பதிலாகக் கிடைமட்டமாகச் சுழலும் பிளேடு இருக்கிறது என்றாலும், விளம்பரப் படங்களில் அதன் கீழே இருப்பது இன்னமும் அந்த மாதிரித் தரைதான். நம் வட ஆற்காட்டு நிலம் அப்படிப்பட்டதன்று. இங்கே மழைக்குப் பிறகு மண் அரித்துச் சென்று, போன மாதம் இல்லாத கல் இந்த மாதம் தலை காட்டும்.

பிளேடின் முனை எவ்வளவு வேகத்தில் சுழல்கிறது தெரியுமா? அமெரிக்கப் பாதுகாப்புத் தரநிலை அதற்கு விதித்த உச்ச வரம்பு நிமிடத்துக்கு 19,000 அடி, அதாவது மணிக்கு ஏறத்தாழ 345 கிலோமீட்டர். இயந்திரங்கள் அந்த வரம்பை ஒட்டியே வடிவமைக்கப்படுகின்றன. அந்த முனையில் எலுமிச்சம்பழ அளவு கல் பட்டால் என்ன ஆகும் என்பதை ஒரு பள்ளி வளாகத்தில் பார்த்தேன். பக்கவாட்டு வாய் வழியே பறந்த கல் அறுபதடி தள்ளி நின்ற காரின் பின் கண்ணாடியைத் துளைத்திருந்தது. அன்று விடுமுறை நாள் என்பதால் அந்தத் திசையில் பிள்ளைகள் யாரும் இல்லை. டெக்கைத் தூக்கிப் பார்த்தபோது பிளேடின் முனையில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஒரு வெட்டு. பிளேடைத் தாங்கும் ஸ்பிண்டில் தண்டும் கண்ணுக்குத் தெரியாத அளவு வளைந்திருந்தது. கண்ணுக்குத் தெரியாததுதான் பெரிய கேடு. ஓட்டுநர் பிளேடை மட்டும் மாற்றிவிட்டுத் தொடர்ந்து ஓட்டியிருக்கிறார். மூன்று வாரத்தில் பேரிங் போய், அதிர்வில் டெக்கின் பற்றவைப்பு விரிசல் விட்டு, கடைசியில் முழு டெக்கையும் மாற்ற வேண்டியதாயிற்று.

ஆகவே வாங்குவதற்கு முன்பே, இந்தக் கோடையிலேயே, புல் தாழ்ந்திருக்கும் ஏப்ரல் மே மாதங்களில் 140 சென்ட்டையும் நடந்து பாருங்கள். எடுக்கக்கூடிய கல்லைப் பொறுக்குங்கள். எடுக்க முடியாத பாறைத் தலைகள் இரண்டு வகைப்படும். தரைமட்டத்திலிருந்து ஓரிரு அங்குலமே எழும்பியவற்றின் மேல் செம்மண் கொட்டிச் சமப்படுத்தி அருகம்புல்லைப் பதித்துவிடலாம். அதற்கு மேல் எழும்பியவற்றைச் சுற்றி மூன்றடி விட்டு ஒரு பாத்தி கட்டி அரளியோ இட்லிப்பூச் செடியோ வைத்துவிடுங்கள். அப்போது எவர் ஓட்டினாலும் அங்கே போக மாட்டார். குடியாத்தம் பக்கம் ஒரு தோட்டத்தில் எழுபதைக் கடந்த ஒரு பெரியவர் வேலை பார்க்கிறார். நான் புது இயந்திரத்தை இறக்கி வைத்த நாளில் அவர் அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது புல்ல வெட்டிடும். கல்ல யாரு வெட்டுறது?" என்று கேட்டார். அன்று அவரும் அவருடைய மருமகளும் பொறுக்கிய கல் ஒரு டிராக்டர் பெட்டி நிறைய இருந்தது. அந்தத் தோட்டத்து இயந்திரம் ஒன்பது ஆண்டுகளாக அதே ஸ்பிண்டிலோடு ஓடுகிறது.

கல் பட்ட பிறகு செய்ய வேண்டிய சோதனையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்து, ஸ்பார்க் பிளக்கின் ஒயரைக் கழற்றிய பிறகு, கையுறை அணிந்துகொண்டு, பிளேடின் ஒரு முனைக்கும் சமதரைக்கும் உள்ள உயரத்தை அளந்துகொள்ளுங்கள். பிளேடை அரைச்சுற்றுத் திருப்பி, மறுமுனை அதே இடத்துக்கு வந்ததும் மீண்டும் அளக்க வேண்டும். வேறுபாடு 3 மில்லிமீட்டருக்கு மேல் போனால் பிளேடு வளைந்துவிட்டது. புதுப் பிளேடு போட்ட பிறகும் அதே வேறுபாடு காட்டினால் வளைந்தது தண்டு. வளைந்த பிளேடைப் பட்டறையில் காய்ச்சி நிமிர்த்துவதும், வெட்டு விழுந்த இடத்தில் வெல்டிங் வைப்பதும் நம் ஊர்களில் சர்வ சாதாரணமாக நடக்கின்றன. தயவுசெய்து இரண்டையும் செய்யாதீர்கள், செய்ய விடாதீர்கள். காய்ச்சிய இரும்பு தன் பதத்தை இழந்துவிடும். அந்த வேகத்தில் ஒரு துண்டு தெறித்தால் அது தோட்டா போன்றது. சாணை பிடிப்பது மட்டும் போதும். பிடித்த பிறகு நடுத்துளையை ஒரு ஆணியில் மாட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கத்தை இன்னும் சற்றுத் தேய்க்க வேண்டும்.

அடுத்த பகை புழுதியும் வெப்பமும். இந்த வகை எஞ்சின்கள் காற்றால் குளிர்பவை. மேலே சுழலும் விசிறி காற்றை உறிஞ்சி, சிலிண்டரைச் சுற்றியுள்ள மடிப்புகளுக்கு இடையே செலுத்துகிறது. வேலூரில் 40 பாகையைத் தாண்டும் ஒரு பிற்பகலில், காய்ந்த அருகம்புல்லின் மீது ஒரு மணி நேரம் ஓடிய எஞ்சினின் மூடியைக் கழற்றிப் பாருங்கள்: விசிறி வலையின் மேல் புல் துரும்பும் செம்மண் தூளும் சேர்ந்து கம்பளி போல ஒரு படலம் கட்டியிருக்கும், கையால் உரித்தால் வட்டமாக ஒரே துண்டாக வரும். அந்தப் படலம் இருக்கும்வரை எஞ்சினுக்கு மூச்சு இல்லை. எண்ணெய் நீர்த்துவிடும், வால்வு கெடும், பிறகு 'எஞ்சின் சரியில்லை' என்று பழி எஞ்சின் மேல் விழும். ஆகவே கோடையில் காலை எட்டு மணிக்குள் வெட்டி முடியுங்கள், ஒவ்வொரு தடவைக்குப் பிறகும் வலையைத் துடையுங்கள். ஏர் ஃபில்டரின் நுரைப்பகுதியை 25 மணிக்கு ஒரு முறை கழுவுமாறு கையேடுகள் சொல்வது வழக்கம். நம் புழுதிக்குப் பத்து மணிக்கு ஒரு முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து என்பது என் அனுபவ எண். புகைக்குழாயின் அருகே காய்ந்த புல் தேங்க விடாதீர்கள், சூடான எஞ்சினில் பெட்ரோல் ஊற்றாதீர்கள். தீப்பிடிக்கும் வாய்ப்பு உண்மையானது.

வாங்கும்போது இதற்காகக் கவனிக்க வேண்டியது எஞ்சினின் சிலிண்டர் எண்ணிக்கையும் திறனும். 42 அங்குல டெக்குக்கு ஒற்றை சிலிண்டரில் 17 குதிரைத்திறன் என்றும் வரும், இரட்டை சிலிண்டரில் 20 முதல் 22 வரை என்றும் வரும். மிதமான வெப்பமுள்ள நாடுகளில் ஒற்றையே போதும். நம் வெயிலில் இரட்டையை நான் விரும்புகிறேன். அதே வேலையைக் குறைந்த சிரமத்தில் செய்வதால் சூடு குறைகிறது, அதிர்வும் குறைகிறது. ஆனால் இது என் விருப்பம்தான், விதி அன்று. ஒற்றை சிலிண்டர் எஞ்சினைப் பொறுப்பாகப் பார்த்துக்கொண்டு பத்தாண்டுகளைக் கடந்தவர்களும் என் வாடிக்கையாளர்களில் இருக்கிறார்கள்.

பெட்ரோலைப் பற்றி இப்போது புதிதாக ஒன்றைக் கேட்டாக வேண்டும். 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்து, இப்போது பெரும்பாலான பங்க்குகளில் கிடைப்பதே அதுதான் என்றாகிவிட்டது. புல்வெட்டிகளில் வரும் சிறு எஞ்சின்களின் கையேடுகள் பலவற்றில் 10 விழுக்காடு வரை மட்டுமே அனுமதி என்று இருக்கிறது. ஆகவே விற்பனையாளரிடம் 'இந்த எஞ்சினுக்கு இருபது விழுக்காடு எத்தனால் பெட்ரோல் பொருந்துமா, அதனால் பழுது வந்தால் உத்தரவாதம் செல்லுமா' என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். வாய்மொழிப் பதிலை ஏற்காதீர்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும் தன்மையுள்ளது; பல வாரம் நிற்கும் இயந்திரத்தில் அது கார்புரேட்டரைப் பிசின் பிடிக்க வைக்கும், பழைய வகை ரப்பர்க் குழாய்களை இளக்கும். பொங்கலுக்குப் பிறகு இயந்திரம் நீண்ட நாள் சும்மா நிற்கும் என்று தெரிந்தால், தொட்டியை வடித்துவிட்டு, கார்புரேட்டரில் மிச்சமுள்ளது தீர்ந்து எஞ்சின் தானே நிற்கும்வரை ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். வேலைக்கு வரும் பழுதுகளில் ஜூலை மாதத்தில் முதலிடம் பிடிப்பது இந்த அடைத்துப்போன கார்புரேட்டர்தான்.

டயர் விஷயத்தில் நம் ஊர் முள்ளைப் பற்றி எந்தக் கையேடும் எச்சரிப்பதில்லை. நெருஞ்சியும் சீமைக் கருவேலமும் இருக்கும் நிலத்தில் ட்யூப் இல்லாத அந்த மென்மையான டயர்கள் ஒரே பருவத்தில் பல முறை காற்றிழக்கும். இவற்றில் காற்றழுத்தமே பத்து முதல் பதினான்கு பிஎஸ்ஐ அளவில்தான் இருக்கும், கார் டயரின் பாதிகூட இல்லை; ஆகவே கொஞ்சம் குறைந்தாலும் டெக் ஒரு பக்கம் சாய்ந்து புல்லைப் படிக்கட்டு போல வெட்டும். இயந்திரம் வந்த அன்றே நான்கு டயரிலும், முள் குத்திய ஓட்டையை உள்ளிருந்தே அடைக்கும் சீலன்ட் திரவத்தை ஊற்றிவிடுங்கள். வேலியோரக் கருவேலத்தை வெட்டும்போது கிளைகளைப் புல்வெளியின் குறுக்கே இழுத்துக்கொண்டு போக விடாதீர்கள். ஒரு கிளை உதிர்க்கும் முள் ஒரு பருவத்துக்குப் போதும்.

கியர் வண்டியா, ஹைட்ரோஸ்டாட்டிக் எனப்படும் எண்ணெய் அழுத்தத்தால் ஓடும் வண்டியா என்பதில் நீண்ட விவாதம் தேவையில்லை. மரம், பாத்தி, பாதை என்று அடிக்கடி முன்னும் பின்னும் போக வேண்டிய தோட்டத்துக்குப் பின்னதே வசதி. புல்லைப் பையில் சேர்ப்பதா, பக்கவாட்டில் தள்ளுவதா, பொடியாக்கி அங்கேயே விடுவதா என்பதில் மட்டும் ஒரு சொல். பை வேண்டாம். உங்கள் ஆட்களுக்கு ஒரு நாள் முழுக்க ஆவதற்குக் காரணமே அந்த இயந்திரத்தின் பையை அடிக்கடி கொட்டப் போய் வருவதாகத்தான் இருக்கும். ஏனென்றால் என் கணக்கில், தள்ளிக்கொண்டு நடக்கும் வேகத்திலும், 21 அங்குல இயந்திரம் ஒன்றுக்கே 140 சென்ட் நான்கு மணி நேர வேலைதான். ஒரே தடவையில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாமல் இருந்தால், பொடியான புல் சில நாளில் மறைந்து மண்ணுக்கே உரமாகும். அருகம்புல்லை ஒன்றரை அங்குலத்துக்குக் கீழே இறக்காதீர்கள்; மேடு பள்ளமுள்ள உங்கள் தரையில் இரண்டு அங்குலமே நல்லது.

புல்வெளியிலும் அதன் ஓரத்திலும் நிற்கும் மரங்களைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். டெக்கின் இரும்பு விளிம்பு மாமரத்தின் அடியில் ஒரு முறை உரசினால் சிறு காயம். வாரந்தோறும் அதே இடத்தில் உரசினால் பட்டை சுற்றிலும் உரிந்து மரம் பட்டுவிடும். காயம்பட்ட பட்டையில் தண்டு துளைக்கும் வண்டு முட்டையிட வாய்ப்பு அதிகம். ஒவ்வொரு மரத்தையும் சுற்றி மூன்றடிக்குப் புல்லே இல்லாமல் கொத்திவிட்டுச் சருகைப் பரப்பி வையுங்கள். முப்பதாண்டு மரம் ஒன்று போனால் எந்த இயந்திரமும் அதைத் திருப்பித் தராது. தாழ்ந்த கிளைகளையும் ஓட்டுபவர் உட்கார்ந்த நிலையில் தலைக்கு மேல் ஓரடி இடம் இருக்குமாறு கவாத்து செய்துவிடுங்கள்.

மாந்தோப்பின் 80 சென்ட்டுக்கு லான் டிராக்டரை ஒருபோதும் அனுப்பாதீர்கள். முழங்கால் உயரக் களையில் அதன் பெல்ட் கருகும், கீழே மறைந்திருக்கும் கல்லும் தெரியாது. அங்கே ஆண்டுக்கு மூன்று முறை வெட்டினால் போதும் என்பதால் சொந்தமாக எதையும் வாங்காமல், மினி டிராக்டரில் பூட்டி, சுழலும் கத்தியால் உயரக் களையை வெட்டும் ரோட்டரி ஸ்லாஷரை வாடகைக்கு அமர்த்துவது சிக்கனம். வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டரையும் கருவிகளையும் மணிக் கணக்கில் வாடகைக்கு விடுகிறது. வேலூர் அலுவலகத்தில் ஸ்லாஷர் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் அக்கம்பக்கத்தில் தனியாரிடம் இருக்கும். இத்துடன், தோளில் மாட்டிக்கொண்டு வெட்டும் ஒரு நல்ல பிரஷ் கட்டர் மட்டும் சொந்தமாக வைத்துக்கொள்ளுங்கள். மரத்தடி, பாறை ஓரம், கிணற்றோரச் சரிவு மூன்றுக்கும் அதுவே.

கடைசியாக உதிரிபாகம். இதில்தான் நான் உறுதியாக எதையும் சொல்ல இயலாத நிலை, ஏனென்றால் இன்று வேலூரில் சேவை செய்யும் முகவர் அடுத்த ஆண்டு இருப்பாரா என்பது யார் கையிலும் இல்லை. பெரும்பாலான ஏறி ஓட்டும் இயந்திரங்கள் இறக்குமதிதான். ஆகவே வாங்கும் அன்றே ஒரு ஜோடி பிளேடு, ஒரு டெக் பெல்ட், இரண்டு ஏர் ஃபில்டர், ஒரு முழு ஸ்பிண்டில் ஆகியவற்றை விலையோடு சேர்த்துப் பேசி வாங்கி வைத்துவிடுங்கள். விற்பனையாளர் 'எப்போது வேண்டுமானாலும் வரவழைத்துத் தருகிறேன்' என்பார். நான்கு மாதம் ஒரு ஸ்பிண்டிலுக்காகக் காத்திருந்து, அதற்குள் புல் காடாகி, மறுபடி ஆள் வைத்து அரிவாளால் அறுத்த ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். இரண்டாம் கை இயந்திரமாக இருந்தால் டெக்கின் அடியைக் காட்டச் சொல்லுங்கள். எஞ்சினின் ஓசையைவிட அந்த இரும்பின் வடுக்கள் அதிகம் பேசும்.

பணம் கட்டுவதற்கு முன் உங்கள் நிலத்திலேயே ஒரு மணி நேரம் ஓட்டிக் காட்டக் கேளுங்கள். கடையின் சிமென்ட் தரையில் ஓட்டுவது சோதனையே ஆகாது. நீங்கள் ஓட்டாதீர்கள், நாளை அதை ஓட்டப்போகும் அந்த இரண்டு பேரையும் ஓட்டச் சொல்லுங்கள். பிளேடு சுழன்றுகொண்டிருக்கும்போது ஓட்டுபவர் இருக்கையிலிருந்து எழ முயன்றால் எஞ்சின் நிற்க வேண்டும், பிளேடு ஐந்து நொடிக்குள் ஓய வேண்டும். இதைக் கண்ணெதிரே பாருங்கள். சிரமமாக இருக்கிறது என்று சில கடைக்காரர்களே அந்த இருக்கை ஸ்விட்சை ஒயர் போட்டு இணைத்து விட்டுவிடுவதுண்டு. அப்படிச் செய்யப்பட்ட வண்டியை வாங்காதீர்கள். ஓட்டும்போது பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளும் வழக்கம் எந்த வீட்டிலும் வர வேண்டாம். சரிவை நான் சொன்னபடி அளந்து, மூன்று இடத்து அளவையும் மிக நெருக்கமான இரண்டு மரங்களின் இடைவெளியையும் இங்கே எழுதுங்கள். சரிவு பத்து பாகைக்குள் வந்து இடைவெளி ஐந்தடிக்கு மேல் இருக்குமானால், இரட்டை சிலிண்டர், ஹைட்ரோஸ்டாட்டிக், 42 அங்குல லான் டிராக்டர் என்ற என் பரிந்துரையை மாற்ற வேண்டிய தேவை வராது. இல்லையென்றால் 38 அங்குலத்துக்கு இறங்குவது பற்றி அந்த அளவுகளை வைத்துக்கொண்டு பேசலாம்.